புள்ளிமான் கொழுப்பு, காட்டுப்பன்றிக் கொழுப்பு: எதைச் சமைப்பது, எதை வெட்டி எறிவது?

தேனிக்காரி கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் டெக்சாஸில் சான் அன்டோனியோவில் இருக்கிறோம். என் கணவருடன் வேலை பார்க்கும் ஒருவர் கெர்வில் பக்கம் வேட்டைக்கு நிலம் குத்தகை எடுத்திருக்கிறார். போன வாரம் ஒரு பெரிய ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். உள்ளே புள்ளிமானின் பின்னந்தொடை ஒன்று, விலா ஒரு பக்கம், அப்புறம் காட்டுப்பன்றியில் பாதி. பன்றி பெண், ரொம்பப் பெரியது இல்லை என்றார். நான் ஊரில் ஆட்டுக்கறி, கோழி, எப்போதாவது வெண்பன்றி சமைத்தவள். காட்டு இறைச்சி இதுதான் முதல் தடவை.

என் சந்தேகம் முழுக்கக் கொழுப்பைப் பற்றித்தான். மான் தொடையில் வெள்ளை வெளேரென்று, விரலால் அழுத்தினால் அமுங்காத கொழுப்பு மேலே கொஞ்சம் இருக்கிறது. பன்றி முதுகில் ஒரு விரல் கனத்துக்கு இருக்கிறது. அது கை வைத்தாலே வழுக்குகிறது. கொடுத்தவர், "காட்டு விலங்கின் கொழுப்பு நாறும், ஒரு பொட்டு விடாமல் வெட்டி எறிந்துவிடுங்கள்" என்கிறார். அம்மாவிடம் போனில் சொன்னால், "கொழுப்பில்லாத கறியில் என்னடி ருசி இருக்கும்" என்கிறார். ஊரில் பாய் கடையில் "கொஞ்சம் கொழுப்பும் சேர்த்துப் போடுங்கள்" என்று கேட்டு வாங்கிய குடும்பம் எங்களுடையது.

மானில் ஒரு துண்டைக் கொழுப்போடு மிளகு போட்டு வறுத்துப் பார்த்தேன். சுடச்சுடத் தின்றபோது ஒன்றும் தெரியவில்லை. தட்டில் கடைசியாகக் கிடந்த துண்டைத் தின்றபோது மேலண்ணத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டது, வெந்நீர் குடித்த பிறகுதான் போனது. பன்றியை இன்னும் தொடவில்லை.

எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது? பன்றிக் கொழுப்பை உருக்கி நெய் எடுக்கலாமா? வீட்டில் 6 வயதுப் பையன் இருக்கிறான், நோய் நொடி ஏதாவது வருமா?

வழிப்போக்கன்:

பதில் தெரியாது, ஒரு எச்சரிக்கை மட்டும். இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் யாரும் இதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான் கறி வைத்திருந்தாலே வழக்குதான். டெக்சாஸில் புள்ளிமான் எப்படி வந்தது என்பதே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

கறிக்கடை மகன்:

வழிப்போக்கன், முதலில் உங்கள் ஆச்சரியத்தைத் தீர்த்துவிடுகிறேன். 1932இல் இங்கே கொண்டுவந்தார்கள். ஆக்சிஸ் மான் என்று பெயர். வேலிக்குள் விட்டவை வேலி தாண்டி, இப்போது ஹில் கன்ட்ரி என்ற இந்த மேட்டுப்பகுதி முழுக்கக் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. அயல்நாட்டு இனம் என்பதால் இந்த ஊர் மானுக்கு இருப்பது போல வேட்டைப் பருவம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. வேட்டை உரிமம் எடுத்துக்கொண்டு, நிலத்துக்காரர் சம்மதத்தோடு வருடம் முழுக்கச் சுடலாம். நம் ஊரில் தொட்டால் ஜெயில், இங்கே தோட்டத்துச் செடியைத் தின்கிறது என்று திட்டுகிறார்கள். காட்டுப்பன்றி நிலைமை இன்னும் மோசம். ஸ்பானியர்கள் கொண்டுவந்த வீட்டுப் பன்றியும், 1930களில் வேட்டைக்கென்று இறக்கிய ஐரோப்பியக் காட்டுப்பன்றியும் கலந்து பெருகிய கூட்டம் அது. 2019 முதல் தனியார் நிலத்தில் அதைச் சுட உரிமமே தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

இனி தங்கச்சிக்கு. உங்கள் ஐஸ் பெட்டிக்குள் இருப்பவை இரண்டு வெவ்வேறு சங்கதிகள். இரண்டையும் சேர்த்துக் "காட்டுக் கொழுப்பு" என்று ஒரே பெயரில் கூப்பிடுவதுதான் இந்த ஊர்க்காரர்களின் பெரிய தப்பு. கொடுத்தவர் சொன்னது மானுக்குச் சரி. அந்தப் பன்றிக்கு அதைச் செய்தால் பாவம்.

என் அப்பா சிவகங்கைப் பக்கம் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தார். நான் ஃபிரெடரிக்ஸ்பர்க் பக்கம் குடியிருக்கிறேன். நவம்பர் தொடங்கி ஜனவரி வரை சனி, ஞாயிறுகளில், வேட்டைக்காரர்கள் கொண்டுவருவதை வெட்டிப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் கடையில் கத்தி பிடிக்கிறேன். வேலைக்கு வேலை, பொழுதுக்குப் பொழுது. அங்கே குப்பைத்தொட்டிக்குப் போகும் கொழுப்பைப் பார்த்தால் அப்பாவுக்கு நெஞ்சு அடைத்திருக்கும்.

மான் அசைபோடும் பிராணி. அதன் இரைப்பையின் முதல் அறையில் இருக்கும் நுண்ணுயிர்கள், புல்லிலும் இலையிலும் வரும் இளகிய கொழுப்பை எல்லாம் இறுகிய கொழுப்பாக மாற்றித்தான் உள்ளே அனுப்புகின்றன. ஸ்டியரிக் அமிலம் அதில் நிறைய. அதனால்தான் உங்கள் விரலுக்கு அமுங்கவில்லை, வாய்ச் சூட்டுக்கும் உருகவில்லை. தட்டில் ஆறியதும் மெழுகு மாதிரி உறைந்து அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆட்டுக்கொழுப்பும் இதே வம்சம்தான். கிடா வாடை என்று நாம் சொல்கிறோமே, அதைத் தரும் கொழுப்பு அமிலங்களின் சாதியே மானிலும் உண்டு. நாம் ஆட்டுக்கொழுப்பைக் கொதிக்கும் குழம்பில் போட்டு, சுடுசோற்றில் பிசைந்து தின்கிற ஆட்கள் என்பதால் அது நமக்கு உறுத்துவதில்லை. புள்ளிமான், இந்த ஊர் வெள்ளைவால் மானைவிட வாடை குறைந்தது என்பது என் அனுபவம். ஆனாலும் ஆறினால் ஒட்டுவது இரண்டுக்கும் ஒன்றுதான்.

பன்றிக்கு ஒற்றை வயிறு. தின்பதில் உள்ள கொழுப்பு பெரிய மாற்றமில்லாமல் அப்படியே அதன் உடம்பில் போய்ப் படியும். ஸ்பெயினில் கருவாலிக்கொட்டை, அதாவது ஓக் மரத்துக் கொட்டை தின்ற பன்றியின் தொடைக்கு விலை எகிறுவது இதனால்தான். இங்கே ஹில் கன்ட்ரியிலும் ஓக் மரங்கள் இலையுதிர் காலத்தில் கொட்டையை உதிர்க்கும். அதைத் தின்று கொழுத்த பெண் பன்றியின் முதுகுக் கொழுப்பு இளகி, கொஞ்சம் பருப்பு வாசனையோடு இருக்கும். மானுக்கென்று வேட்டைக்காரர்கள் இறைக்கும் மக்காச்சோளத்தைத் தின்றதும் நன்றாகவே இருக்கும். செத்ததைத் தின்றது, குட்டையில் கிளறியது என்றால் அந்த வாடையும் சேர்ந்தே வரும். கோடையில் சுட்டதில் கொழுப்பே இருக்காது. உங்களுடையது ஒரு விரல் கனம் என்கிறீர்கள், பெண் என்கிறீர்கள். கொடுத்து வைத்தவர்கள்.

ஆனால் யார் சொன்னதையும் நம்ப வேண்டாம், நான் உட்பட. சட்டியை வைத்துச் சோதித்துப் பாருங்கள். வெறும் இரும்புச் சட்டி, எண்ணெய் கூடாது, உப்பு கூடாது. முதுகிலிருந்து கட்டைவிரல் நகம் அளவுக்குக் கொழுப்பை மட்டும் வெட்டி, சிறு தீயில் போட்டு உருக விடுங்கள். குனிந்து முகருங்கள். மூத்திர வாடையோ வியர்வை வாடையோ அடித்தால் அது கிடாப் பன்றிக்கு உரிய நாற்றம். ஆண்ட்ரோஸ்டினோன், ஸ்கடோல் என்று இரண்டு பொருள்கள் கொழுப்பில் தங்குவதால் வருவது; சூடு பட்டால்தான் முழுசாகத் தெரியும். பெண் பன்றியில் அபூர்வம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: ஆண்ட்ரோஸ்டினோன் வாடை மரபணு காரணமாகச் சிலருக்குத் தெரியவே தெரியாது. கணவரையும் அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டு முகரச் சொல்லுங்கள். ஒரே வீட்டில் ஒருவர் ருசித்துச் சாப்பிட, இன்னொருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். வாடை வந்தால் மோரில் ஊறவைப்பது, வினிகரில் ஊறவைப்பது எல்லாம் வீண் வேலை. கொழுப்புக்குள் இருப்பதை மோர் எப்படி எடுக்கும்? கொழுப்பை முழுக்கச் சீவிவிட்டு, சதையை மட்டும் மசாலா தூக்கலாகச் சமைப்பது ஒன்றே வழி.

வாடை இல்லை என்றால் உப்பைத் தூவி வாயில் போட்டுப் பாருங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை நான் சொல்ல வேண்டியதே இருக்காது.

சமையல் என்று பார்த்தால், நம் ஊர்ப் பன்றி வறுவல் முறைதான் இதற்குப் பொருத்தம். முதுகுக் கறியைக் கொழுப்போடு சிறு துண்டாக வெட்டுங்கள். எண்ணெயே ஊற்றாமல் மஞ்சள், உப்பு, முங்கும் அளவுக்குத் தண்ணீர் வைத்து மூடி வேகவிடுங்கள். வீட்டுப் பன்றியைவிட அதிக நேரம் பிடிக்கும், காட்டில் ஓடிய சதை. தண்ணீர் சுண்டியதும் கறி தன் நெய்யைத் தானே விடும். அந்த நெய்யிலேயே சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை போட்டு, கடைசியில் மிளகும் சீரகமும் இடித்துப் போட்டுப் பிரட்டி இறக்குங்கள். கொஞ்சம் புளிப்பு வேண்டும் என்றால் குடகுக்காரர்கள் பன்றிக் கறியில் கச்சம்புளி விடுவதை நினைத்துக்கொண்டு இரண்டு சொட்டு வினிகர் விடலாம். தக்காளி வேண்டாம், கெடுத்துவிடும்.

மானுக்கு நேர் எதிர். மேல் கொழுப்பைச் சீவி எடுங்கள். அதோடு வெள்ளியாக மின்னும் சவ்வையும் உரித்துவிடுங்கள். தொடையின் பின்பக்கத்துத் தசைகளுக்கு நடுவே ஒரு கொழுப்புக் கட்டி இருக்கும். அதற்குள் சாம்பல் நிறத்தில் சிறு உருண்டையாக ஒரு நிணநீர்ச் சுரப்பி ஒளிந்திருக்கும். அதை வெட்டாமல் முழுசாக எடுத்து எறியுங்கள். "மான் கறி ஒரு மாதிரி கசக்கிறது" என்பவர்களில் பலர் அதைச் சேர்த்து அரைத்தவர்கள். விலாவில் கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக இருப்பதால் கத்தியால் பிரிக்க முடியாது. அதை உப்பு, மஞ்சள், இஞ்சி போட்டு முந்தின நாளே வேகவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே கெட்டியாக உறைந்து நிற்பதைத் தட்டாக எடுத்து எறிந்துவிட்டு, அடியில் இருக்கும் சாற்றோடு குழம்பு வையுங்கள். கொஞ்சம் கொழுப்பு தங்கிவிட்டாலும் பரவாயில்லை, சுடச்சுடப் பரிமாறினால் போதும்.

எடுத்த மான் கொழுப்பை உருக்கித் தோட்டத்தில் பறவைக்குத் தொங்கவிடலாம். குளிர்காலத்தில் மரங்கொத்தி விரும்பித் தின்னும். சோப்புக்கும் ஆகும். சாப்பாட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அப்படியானால் கொழுப்பில்லாத மான் கறி வறண்டு போகுமே என்று உங்கள் அம்மா கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான். அதற்குத்தான் பன்றி. மான் தொடையைக் கொத்தி, கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் வரை அந்தப் பன்றியின் முதுகுக் கொழுப்பைச் சேர்த்து அரைத்துக் கோலா உருண்டை பிடியுங்கள். மான் சதையின் ருசி, பன்றிக் கொழுப்பின் ஈரம். நான் இங்கே வந்து கற்றுக்கொண்டதில் உருப்படியான விஷயம் இதுதான். பன்றி சாப்பிடாத விருந்தாளிகள் வந்தால் நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டுச் சமாளித்துக்கொள்ளலாம்.

நோய் பற்றி: பன்றியை உள்ளே வரை 160 ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ் தொடும் வரை வேகவைக்க வேண்டும். டிரிக்கினெல்லா என்ற புழு சதையில் இருக்கலாம். பச்சைக் கறியைக் கையாளும்போது கையுறை போடுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் கட்டாயம் போடுங்கள். காட்டுப்பன்றியிலிருந்து புரூசெல்லா என்ற கிருமி தொற்றுவது பெரும்பாலும் வெட்டும்போதுதான். நன்றாக வெந்த கறியைப் பையனுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இன்னொன்று. பன்றிக் கொழுப்பு நீல நிறமாக இருந்தால் முகர்ந்தெல்லாம் பார்க்க வேண்டாம், நேராகக் குப்பைக்கு. பன்றியைக் கொல்ல வார்ஃபரின் கலந்த தீவனம் ஒன்றுக்கு 2017இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை அனுமதி கொடுத்தது. இதய நோயாளிகளுக்கு இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் அதே வார்ஃபரின். தின்ற பன்றி எது என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் சாயம் கலக்கிறார்கள், கொழுப்பு நீலமாகிவிடும். கலிபோர்னியாவில் வேறொரு எலி மருந்தால் 2025இல் மான்டரே பக்கம் நீலக் கொழுப்போடு பன்றிகள் கிடைத்து, சாப்பிட வேண்டாம் என்று அரசே அறிவித்தது. வேக வைத்தாலும் அந்த மருந்து போகாது.

வன்னியான்:

கறிக்கடை மகன் அண்ணை நல்ல விளக்கம் தந்திருக்கிறார். நான் கனடாவில், ஒன்ராறியோவின் வடக்கே தண்டர் பே பக்கம் இருக்கிறேன். அவர் சொன்ன ஒற்றை வயிற்றுக் கணக்குக்கு இங்கே உள்ள உதாரணம் கரடி.

கறுப்புக் கரடிக் கொழுப்பு என்றால் முகம் சுளிக்காதீர்கள். இலையுதிர் காலத்தில் புளூபெரி தின்று கொழுத்த கரடியின் கொழுப்பை உருக்கினால், ஆறிய பிறகும் இளகியே நிற்கும் வெள்ளை நெய் வரும். வாடை கிடையாது. என்னோடு வேலை செய்யும் அனிஷினாபே பூர்வகுடிப் பெரியவர் ஒருவர் அதில்தான் பனக் என்ற அவர்களுடைய றொட்டியைப் பொரிப்பார். எங்கள் வீட்டில் மனுசி முதலில் அந்தப் போத்தலை அடுப்படிக்குள்ளேயே விடவில்லை. இப்போது அதில் பொரித்த உளுந்து வடையை ஆருக்கும் சொல்லாமல் விருந்தினருக்குக் கொடுக்கிறார். மீன் தின்ற கரடி, குப்பைமேட்டைச் சுற்றித் திரிந்த கரடி என்றால் கதை வேறு. அதை நாய்க்கும் கொடுக்க முடியாது.

ஆனால் தங்கச்சி, அந்த டிரிக்கினெல்லா விஷயத்தை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். "பிறீசரில் ஒரு மாதம் வைத்தால் புழு செத்துவிடும்" என்று கன பேர் நம்புகிறார்கள். வீட்டுப் பன்றிக்கு அது சரியாக இருக்கலாம். வடக்கே காட்டு விலங்குகளில் இருக்கும் டிரிக்கினெல்லா நாட்டிவா என்ற இனம் உறைகுளிரைத் தாங்கும். 2022இல் சஸ்காச்சுவானில் சுட்ட கரடியின் இறைச்சியை 45 நாள் பிறீசரில் வைத்து, அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு குடும்ப ஒன்றுகூடலில் கெபாப் சுட்டுத் தின்றார்கள். இறைச்சி கறுப்பாக இருந்ததால் வெந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஆறு பேருக்கு நோய் வந்தது. அதில் இரண்டு பேர் இறைச்சியைத் தொடவே இல்லை, அதோடு சேர்த்துச் சுட்ட மரக்கறியை மட்டும் தின்றவர்கள். ஆகவே வெப்பமானி ஒன்று வாங்குங்கள், நிறத்தை நம்ப வேண்டாம். உருக்கிய நெய்யில் பயமில்லை. அது உருகும் சூட்டில் புழு தப்பாது.

மான் கொழுப்பு பற்றி இன்னொரு காரணமும் உண்டு. மான்களைத் தாக்கும் உடல் மெலிவு நோய் 1967இல் கொலராடோவில் முதலில் தெரிந்தது. டெக்சாஸிலும் 2012இலிருந்து இருக்கிறது. அந்த நோயைத் தரும் பிரியான் என்ற பிறழ்ந்த புரதம் மூளை, முள்ளந்தண்டு, மண்ணீரல், நிணநீர்ச் சுரப்பி போன்ற இடங்களில் கூடுதலாகச் சேரும். சமைத்தால் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை, ஆனாலும் நோய் உள்ள பகுதியில் சுட்ட மானைச் சோதித்த பிறகே உண்ணச் சொல்லுகிறார்கள். நிணநீர்ச் சுரப்பிகள் பெரும்பாலும் கொழுப்புக்குள்தான் புதைந்து கிடக்கின்றன. வெள்ளைவால் மான் கிடைத்தால் இதை மறக்க வேண்டாம்.

அப்புறம், அசைபோடும் பிராணிகளின் இறுகிய கொழுப்பை எறிய வேண்டும் என்பதை எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. இங்கே மனிடோபா, ரெட் ரிவர் பக்கம் பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்து வந்த மெற்றீஸ் மக்கள் முந்தி காட்டெருமை இறைச்சியைக் காயவைத்து இடித்து, அதே எருமையின் கொழுப்பை உருக்கி ஊற்றி, பெர்ரி சேர்த்துத் தோல் பையில் அடைத்தார்கள். பெமிக்கன் என்று பெயர். வெறும் சதையை மட்டும் தின்று குளிர்காலத்தைக் கடக்க முடியாது. கொழுப்பில்லாத முயல் இறைச்சியாகத் தின்றவர்கள் வயிறு நிறைந்தும் வயிற்றோட்டம் வந்து மெலிந்து போனதைப் பழைய பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். விலங்குகளின் மென்மயிர்த் தோல் வியாபாரமே பெமிக்கனில் ஓடியது. 1814இல் ரெட் ரிவர் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மக்டொனெல் அதை வெளியே கொண்டுபோகத் தடை போட்டதில் சண்டை மூண்டு, 1816இல் செவன் ஓக்ஸில் இருபதுக்கு மேல் ஆட்கள் செத்தார்கள். இறுகிய கொழுப்பு என்பதால்தான் அது பையில் ஒழுகாமல் நின்றது, காற்றை உள்ளே விடாமல் இறைச்சியைக் காத்தது. வாய்க்கு ஒட்டுகிறது என்று நாங்கள் குறை சொல்லும் அதே குணம்!

கறிக்கடை மகன்:

அருமை வன்னியான். எங்கள் பக்கம் உப்புக்கண்டம் போடும்போது கொழுப்பை முழுக்க எடுத்துவிடுவோம், வெயிலில் காறிப்போகும் என்று. அவர்கள் சதையைத் தனியாகக் காயவைத்துவிட்டு, கொழுப்பை உருக்கிப் பிறகு சேர்த்திருக்கிறார்கள். புத்திசாலிகள்.

ஹூஸ்டன் வாத்துக்காரன்:

நடுவில் நுழைகிறேன். இங்கே கேட்டி என்ற ஊர்ப் பக்கத்து நெல் வயல்களில் குளிர்காலத்துக்கு வந்து இறங்கும் ஊசிவால் வாத்தின் கொழுப்புக்கு முன்னால் உங்கள் பன்றி, கரடி எல்லாம் அப்புறம்தான். இதே இனம் வேடந்தாங்கலுக்கும் வரும், அங்கே பார்த்து ரசிப்பதோடு சரி. நெல் தின்ற வாத்தைத் தோலோடு சிறு தீயில் போட்டால் மஞ்சளாக நெய் இறங்கும். அதில் உருளைக்கிழங்கு வறுத்துப் பாருங்கள். மீன் தின்னும் முக்குளி வாத்து வகை என்றால் தோலையும் கொழுப்பையும் உரித்து எறிந்துவிடுவது நல்லது. அதை ஒரு தடவை வறுத்தால் வீடு முழுக்க மீன் மார்க்கெட் வாடை, மனைவியும் பேச மாட்டார்.

தேனிக்காரி:

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, ரொம்ப நன்றி. கறிக்கடை அண்ணா, சட்டிச் சோதனை செய்தேன். கொழுப்பு வெள்ளைதான், நீலம் இல்லை (பயந்துகொண்டே பார்த்தேன்). எனக்கு வாடை எதுவும் தெரியவில்லை, கணவருக்கும் தெரியவில்லை, மாமியாரையும் கூப்பிட்டு முகரச் சொன்னோம். அவர் "நெய் முறுகுகிற வாசனைதானே" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வறுவல் நாளைக்கு.

இரண்டு கேள்வி பாக்கி. சிறுநீரகத்தைச் சுற்றி ஒரு கொத்துக் கொழுப்பு தனியாக இருக்கிறதே, அது வேறா? உருக்கும் முறை, எத்தனை நாள் வைக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். மீதிக் கறியைக் கொழுப்போடு ஃப்ரீசரில் வைக்கலாமா?

கறிக்கடை மகன்:

மாமியார் வாயில் போட்டுக்கொண்டார் என்றால் அதற்கு மேல் சான்றிதழ் வேண்டியதில்லை.

சிறுநீரகத்தைச் சுற்றி இருப்பதுதான் பன்றியில் உயர்ந்த கொழுப்பு. அதை முதுகுக் கொழுப்போடு கலக்காமல் தனியாக உருக்குங்கள். வாசனையே இல்லாத தூய வெள்ளை நெய் கிடைக்கும், பரோட்டா மாவுக்கும் பிஸ்கட்டுக்கும் ஏற்றது. முதுகுக் கொழுப்பில் வரும் நெய்க்குக் கறி வாசனை இருக்கும், அது வறுவலுக்கும் தாளிப்பதற்கும்.

உருக்க அவசரம் கூடாது. கொழுப்பை அரை மணி ஃப்ரீசரில் வைத்தால் கத்திக்கு வழுக்காது. ஒட்டியிருக்கும் சதை, இரத்தம் எல்லாம் போக எடுத்துவிட்டு, முடிந்த அளவு பொடியாக வெட்டுங்கள். அடி கனமான பாத்திரத்தில் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் கொழுப்பைப் போட்டு, இருப்பதிலேயே சின்னத் தீ. தண்ணீர் எதற்கென்றால், கொழுப்பு உருகத் தொடங்கும் முன் அடிப்பிடித்துச் சிவக்காமல் இருக்க; அது தானாக ஆவியாகிப் போய்விடும். சலசலப்புச் சத்தம் அடங்கி, துண்டுகள் இளஞ்சிவப்பாகி அடியில் இறங்கும்போது நிறுத்திவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். அதற்கு மேல் விட்டால் நெய் மஞ்சளாகி வறுத்த வாடை ஏறிவிடும். மிஞ்சும் சக்கையை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு இன்னொரு முறை முறுக விட்டால் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம். என் வீட்டில் அது சாப்பாட்டு நேரம் வரை தங்கியதில்லை.

ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் சில மாதங்கள் கெடாது. தண்ணீர் ஒரு சொட்டு தங்கினாலும் பூஞ்சை வரும், ஈரக் கரண்டி போடக் கூடாது.

மீதிக் கறி: கொழுப்பு ஃப்ரீசரிலும் காறும். குளிர் அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. பன்றிக் கொழுப்பு இளகியது என்பதால் இன்னும் சீக்கிரம். அதனால் கொழுப்போடு வைக்கும் பன்றித் துண்டுகளைக் காற்றுப் புகாமல் சுற்றித் தேதி எழுதி, 6 மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மானைக் கொழுப்பும் சவ்வும் நீக்கிச் சுத்தமாக வைத்தால் ஒரு வருடம் வரை நன்றாக இருக்கும். கோலா உருண்டைக்கு மான் கொத்துக்கறியையும் பன்றிக் கொழுப்பையும் முன்கூட்டியே கலந்து உறைய வைக்காதீர்கள். தனித்தனிப் பொட்டலமாக வைத்துக்கொண்டு, செய்யும் அன்றைக்குக் கலந்து அரையுங்கள்.

இன்னொரு தடவை அந்த நண்பர் வந்தால் விலாவோடு நிறுத்திவிடாமல் மான் கால் எலும்பையும் கேட்டு வாங்குங்கள். நோய்ப் பரிசோதனைக்கு உட்பட்ட பகுதியா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். மேல் கொழுப்பு இறுகியதாக இருந்தாலும் கால் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை இளகியது, வாயில் ஒட்டாது. அவர்கள் அதை நாய்க்குப் போடுகிறார்கள்.